கட்டங்களுக்குள் மஹ்ஜபீன்

ஜூன் 3, சனி

இன்று முதல் எல்லாவற்றையும் எழுதி வைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். வாய்ப்பேச்சை நம்பி ஒரு வேலையைத் தொடங்கினால், கடைசியில் யார் என்ன சொன்னார்கள் என்பதற்குச் சாட்சி இருக்காது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் ஆவணம் சரிபார்த்தவன் நான். எதிரே நிற்கும் ஆள் உண்மையிலேயே அந்த ஆள்தானா என்று பார்ப்பதே என் பிழைப்பாக இருந்தது.

தமிழில் எழுதுகிறேன். என்னோடு இந்த வாணியம்பாடி வீட்டில் இருப்பது ஷம்ஷாத் ஆபா, என் அக்கா. அவளுக்கு உருது மட்டும்தான் படிக்க வரும். அவள் மீது சந்தேகம் ஒன்றுமில்லை. இருந்தாலும் மேசையைத் துடைக்கிறேன் என்று தினமும் இந்த அறைக்குள் வருகிறாள். நேற்றுத் துடைத்த மேசையில் இன்று என்ன தூசி?

விஷயம் இதுதான். என் மனைவி மஹ்ஜபீன் இறந்து ஆகஸ்ட் 20 வந்தால் இரண்டு வருடம். அவள் எழுதிய நாற்பத்தொரு கஜல்கள் ஒரு நோட்டில் இருக்கின்றன. மெல்போர்னில் இருக்கும் மகள் ராஹிலா அவற்றைப் படிக்கக் கேட்கிறாள். நோட்டைக் கூரியரில் அனுப்ப எனக்கு நம்பிக்கையில்லை. பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். படம் யார் யார் கைக்குப் போகும் என்று யார் கண்டது? அதனால் மஹ்ஜபீன் பெயரிலேயே ஓர் இணையதளம். பெயரோடு பதிவாகிவிட்டால் யாரும் தன்னுடையது என்று சொல்ல முடியாது.

ராஹிலா என்னோடு அதிகம் பேசுவதில்லை. அம்மீக்கு ஒரு மேடைகூடக் கிடைக்கவில்லை என்று ஜனாஸா அன்று, அடக்கத்துக்கு வந்த எல்லார் முன்னாலும் சொன்னாள். இந்த வேலை முடிந்தால் பேசுவாள் என்று நினைக்கிறேன்.

ஜூன் 5, திங்கள்

ஆம்பூரிலிருந்து பூங்கோதை என்ற பெண் வந்தாள். இணையதளம் செய்து தருகிறவள். முப்பது வயதுக்குள் இருக்கும். உருதில் ஓர் எழுத்துகூடத் தெரியாதாம். தெரியாதவளிடம் கொடுப்பது ஒரு விதத்தில் நல்லது.

காலை 10.40க்கு ஒரு பென்டிரைவை என் கம்ப்யூட்டரில் சொருகினாள். என்ன அது என்று கேட்டேன். "நஸ்தலீக் ஃபான்ட் சார். நீங்க கேட்ட அதே பழைய எழுத்து. இதைப் போட்டாத்தான் உங்க மெஷின்ல தெரியும்" என்றாள். 10.47க்கு எடுத்தாள். ஏழு நிமிடம். ஓர் எழுத்தைப் போட ஏழு நிமிடமா? வேறு என்ன காப்பி செய்தாளோ தெரியவில்லை. வங்கி விவரம் எதுவும் இந்த மெஷினில் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ஜூன் 13, செவ்வாய்

நானே தட்டச்சு செய்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு கஜல் ஆகிறது.

பூங்கோதை போனில் ஒரு யோசனை சொன்னாள். எல்லா போனிலும் தானாக வருகிற பொது எழுத்தில் மாற்றிவிடலாமாம், சிக்கல் இருக்காதாம். மாதிரி அனுப்பினாள், பார்த்தேன். ஒவ்வோர் எழுத்தும் தரையில் படுத்துக் கிடக்கிறது. ரேஷன் கடை வாசல் அறிவிப்பு மாதிரி இருந்தது. நஸ்தலீக் அப்படி இல்லை. சொல் வலது மேல்பக்கம் தொடங்கிச் சாய்ந்து இறங்கி வரும். ஒன்றின் தோளில் இன்னொன்று உட்காரும். மஹ்ஜபீன் தன் பெயரை எழுதினால் கடைசி எழுத்து கிண்ணம் மாதிரி ஏந்திக்கொண்டு நிற்கும். உருதுக்காரன் கஜலை அந்த எழுத்தில்தான் படிப்பான். பொது எழுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கேஸ் சிலிண்டர் வந்தது. சீல் சரியாக இருந்தது.

ஜூன் 21, புதன்

பதினேழாவது கஜல். ஐந்தாவது ஷேர், அதாவது அந்த ஈரடி, எனக்குப் பிடிக்கவில்லை. சட்டை துவைப்பதைப் பற்றி எழுதியிருக்கிறாள். கஜலில் நிலா இருக்கும், பிரிவு இருக்கும், சட்டை துவைக்கிற விஷயத்தை எழுதுவார்களா? விட்டுவிடலாமா என்று பார்த்தேன். நோட்டில் உள்ளது உள்ளபடி என்று ராஹிலாவிடம் சொல்லியிருப்பதால் அடித்துவிட்டேன்.

இன்று ஒன்றுதான் முடிந்தது. தலைவலி.

ஜூன் 29, வியாழன்

பக்ரீத். நண்பர் குத்தூஸ் வீட்டிலிருந்து கறி வந்தது. போன வருடத்தைவிடக் குறைவு. காரணம் இல்லாமல் இருக்காது.

ஜூலை 4, செவ்வாய்

பூங்கோதை முழுத் தளத்தையும் என் மெஷினில் திறந்து காட்டினாள். நாற்பத்தொன்றும் அழகாக இருந்தன. 

பிறகு தளத்தில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று பட்டியல் கேட்டேன். வில்லங்கம் பார்க்காமல் நான் எதையும் வாங்கியதில்லை. பட்டியலில் கஜல்களைத் தவிரப் பெரிதாக ஒரு கோப்பு இருந்தது. நாற்பத்தொரு கஜலையும் சேர்த்தாலும் அதில் நூறில் ஒரு பங்கு வராது.

"இது என்ன?"

"ஃபான்ட் சார். தளத்துகூடவே போகணும்."

"என் மெஷின்லதான் ஏற்கெனவே போட்டியே."

"அது உங்களுக்கு சார். பார்க்கறவங்க மெஷின்ல இருக்காதே. இந்த ஃபான்ட் ஒவ்வொரு சொல்லுக்கும் தனியா நம்பர் வச்சிருக்கு. இந்த ஃபைல் இல்லாட்டி அவங்களுக்கு வெறும் கட்டம்தான் வரும்."

"பார்க்கறவங்க மெஷினுக்குள்ள இந்த ஃபைல் போய் உட்காருமா?"

"ஆமா சார். தானா இறங்கிக்கும்."

எனக்குப் புரிந்துவிட்டது. என் மனைவியின் கவிதையைப் படிக்க வருகிற ஒவ்வொருவர் மெஷினுக்குள்ளும் கேட்காமல் ஒன்றை இறக்கிவிடுகிறாள். நாளை ஏதாவது நடந்தால் பழி மஹ்ஜபீன் பெயருக்குத்தான் வரும். கம்ப்யூட்டர் கதையெல்லாம் என்னிடம் வேண்டாம், அதை எடு என்றேன். அரை மணி நேரம் வாதாடினாள். ஒரு கோப்புக்காக ஒரு பெண் அரை மணி நேரம் வாதாடுகிறாள் என்றால் அதில் அவளுக்கு ஏதோ இருக்கிறது.

கடைசியில், எழுத்தில் கொடுங்கள் என்றாள். நானே வாசகம் எழுதினேன்: 'உரிமையாளர் கோரிக்கையின்படி எழுத்துருக் கோப்பு தளத்திலிருந்து நீக்கப்பட்டது.' இருவரும் கையெழுத்திட்டோம். நகலை 'இதர' என்ற ஃபைலில் வைத்தேன். அதில் பழைய கடிதம் ஒன்றும் இருக்கிறது. அதைத் தொடாமல் மேலே வைத்தேன்.

ஜூலை 6, வியாழன்

கோப்பு போய்விட்டது. தளத்தைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட மாறவில்லை. அவள் சொன்ன கட்டம் எங்கே? பிடித்தேன் பார், என்னிடமா?

ஜூலை 12, புதன்

ராஹிலா போன் செய்தாள். உருதில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன். கட்டம் என்பதை மட்டும் அவள் தமிழிலேயே சொன்னாள்.

"அப்பா, நீங்க அனுப்புனத தொறந்தேன். ஒண்ணும் இல்ல. கட்டம் கட்டமா இருக்கு."

"எல்லாம் இருக்குது. சரியா பாரு."

"என் போன்ல பார்த்தேன், ஆபீஸ்ல பார்த்தேன். எல்லாம் கட்டம். நோட்ட படம் எடுத்து அனுப்புங்களேன்."

கட்டம். பூங்கோதை சொன்ன அதே சொல். ஆம்பூரில் இருப்பவளும் மெல்போர்னில் இருப்பவளும் ஒரே சொல்லை எப்படிச் சொல்கிறார்கள்? தளத்தின் கீழே பூங்கோதையின் போன் எண் இருக்கிறது. இருவரும் பேசியிருக்கிறார்கள். ராஹிலாவுக்கு வேண்டியது படம். படம் கிடைத்தால் அங்கேயே புத்தகம் போட்டுவிடுவாள். என் பெயர் அதில் எங்கும் இருக்காது.

படம் கிடையாது என்று சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

ஜூலை 13, வியாழன்

பூங்கோதையிடம் நேராகவே கேட்டேன்.

"என் பொண்ணுகிட்ட பேசினியா?"

"அவங்கதான் கூப்பிட்டாங்க சார். ஏன் தெரியலைன்னு கேட்டாங்க. சொன்னேன். சார், உங்க மெஷின்ல மட்டும்தான் அது தெரியும். நம்புங்க."

ஒப்புக்கொண்டுவிட்டாள். பேசினேன் என்று அவள் வாயாலேயே வந்துவிட்டது. மற்றதைக் காதில் வாங்கவில்லை.

தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வந்தது. மேலேயே நின்று பார்த்துக்கொண்டேன்.

ஜூலை 18, செவ்வாய்

குத்தூஸைப் பற்றி எழுத வேண்டும். நாற்பது வருடப் பழக்கம். ஊர் உருதுச் சங்கத்தின் செயலாளர். வருடா வருடம் முஷாயிரா என்கிற கவியரங்கத்தை நடத்துகிறவர். இந்த வருட முஷாயிரா ஆகஸ்ட் 20 அன்றே வருகிறது. மஹ்ஜபீனின் தளத்தை மேடையில் அறிவிக்கிறேன் என்று அவராகவே சொல்லியிருந்தார்.

இன்று மஸ்ஜித் வாசலில் என்னை நிறுத்தினார். "முனவ்வர், தொறந்து பார்த்தேன்யா. எல்லாம் கட்டமா வருது. இத வச்சி மேடைல என்னத்த அறிவிக்கிறது?"

இவருமா?  மூவரும் ஒரே சொல்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். இவருக்கு என்ன லாபம்? 1994இல் பெண்கள் முஷாயிராவில் திரைக்குப் பின்னாலிருந்து மஹ்ஜபீன் படிக்க வேண்டும் என்று கேட்டவர் இவர்தான். அவளுக்கு விருப்பமில்லை என்று நான் சொன்னதும் முகம் சுருங்கிப் போனார். அந்த மனக்குறை இன்னும் உள்ளே இருக்கிறது. இருபத்தொன்பது வருடம் கழித்துத் தீர்க்கப் பார்க்கிறார்.

ஜூலை 25, செவ்வாய்

ஒரு சோதனை வைத்தேன். குத்தூஸை வீட்டுக்கு அழைத்து, ஒன்றும் சொல்லாமல் என் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தேன். கட்டம் என்றவர் இப்போது என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று பக்கத்தில் நின்றேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். நான்கு கஜல் படித்தார். "மாஷா அல்லாஹ். இப்படி எழுதியிருக்காங்களா!" என்றார். கண் கலங்கியிருந்தது.

"கட்டம் எங்கே?" என்றேன்.

"இங்க இல்லைய்யா." தன் போனை எடுத்துத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதுல பாரு."

கட்டம்தான். வரிசை வரிசையாகக் கட்டம்.

என்னுடையது பட்டன் போன். தடவுகிற போனை நான் நம்புவதில்லை, காரணம் இதுதான். அதில் என்ன வேண்டுமானாலும் செட் செய்து வைக்கலாம். உன் போனில் நீ செய்து வைத்த வேலை என்று குத்தூஸிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. டீயை முடிக்காமல் எழுந்தார். "ஒனக்கு எதிரா இருக்க எனக்கு நேரமில்ல முனவ்வர். அறிவிப்ப நிறுத்தி வைக்கிறேன்" என்று போய்விட்டார்.

ஆபா டம்ளரை எடுக்க வந்தாள். "எல்லாரையும் தொரத்திட்டு யாருக்கு இந்த வேலை செய்ற?" என்றாள். குத்தூஸ் இவளிடம் எப்போது பேசினார்?

ஜூலை 26, புதன்

சர்க்கரை 212.

ஆகஸ்ட் 3, வியாழன்

யாரும் முன்கூட்டி எதையும் செய்து வைக்க முடியாத மெஷினில் பார்ப்பது என்று கிளம்பினேன். எங்கே போகிறேன் என்று ஆபாவிடம்கூடச் சொல்லவில்லை.

முதலில் ஆம்பூர். பஸ் ஸ்டாண்ட் அருகே ஒரு பிரவுசிங் சென்டர். அங்கிருந்த பெண் முகவரியைத் தட்டினாள். கட்டம். "இன்னா பாய், ஃபைல் கெட்டுப் போச்சா?" என்றாள். பூங்கோதையும் ஆம்பூர்தானே, ஒருவேளை பழக்கம் இருக்கலாம் என்று நினைத்து வெளியே வந்தேன். எந்த ஊர் பஸ் முதலில் வருகிறதோ அதில் ஏறுவது என்று நின்றேன். வேலூர் பஸ் வந்தது. நான் வேலூர் போவேன் என்று எனக்கே தெரியாது. வேறு யாருக்குத் தெரிந்திருக்கும்?

நூலகத்தில் கம்ப்யூட்டர் கொடுத்தார்கள். நானே தட்டினேன்.

மேலே அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று கட்டம். கீழே இறக்கிக்கொண்டே போனேன். முதல் கஜல், இரண்டாவது, பத்தாவது. பதினேழாவதற்கு வந்தேன். ஏழு ஷேர், பதினான்கு வரி. எல்லாம் கட்டம். நாற்பத்தொன்றாவது வரை பார்த்தேன். ஓர் எழுத்து இல்லை.

நூலகர் பின்னால் வந்து நின்றார். "ஐயா, இது வீட்ல உங்க கம்ப்யூட்டர்ல தெரியுதா?" என்றார்.

"தெரியுது."

"அப்ப அங்க மட்டும்தான் தெரியும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதருக்கு என் பெயர்கூடத் தெரியாது. பூங்கோதையைத் தெரியாது, குத்தூஸைத் தெரியாது. அவரைச் சந்தேகப்பட எவ்வளவோ முயன்றேன். முடியவில்லை.

ஆகஸ்ட் 4, வெள்ளி

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். பிறர் சொன்னதற்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று எழுதியது. ஜூன் 5, காலை 10.40. 'இதைப் போட்டாத்தான் உங்க மெஷின்ல தெரியும்.' ஜூலை 4. 'இந்த ஃபைல் இல்லாட்டி அவங்களுக்கு வெறும் கட்டம்தான் வரும்.' ஜூலை 13. 'உங்க மெஷின்ல மட்டும்தான் அது தெரியும்.' அந்தப் பெண் மூன்று முறை சொல்லியிருக்கிறாள். மூன்று முறையும் நான் சொல் மாறாமல் எழுதியும் வைத்திருக்கிறேன். நேரத்தைக் குறித்தேன், பேச்சைக் குறித்தேன், விஷயத்தை விட்டுவிட்டேன்.

'இதர' ஃபைலை எடுத்தேன். கோப்பு நீக்கப்பட்டது என்ற வாசகம் என்னுடையது. கையெழுத்தும் என்னுடையது. போலி என்று சொல்ல வழியில்லை.

அதற்குக் கீழே அந்தப் பழைய கடிதம். உருதுச் சங்கத்தின் முத்திரை, 1994 நவம்பர். 'மரியாதைக்குரிய மஹ்ஜபீன் சாஹிபா அவர்களுக்கு' என்று தொடங்குகிறது. பெண்கள் முஷாயிராவில் கஜல் படிக்க அழைப்பு. குத்தூஸ் ஆபீசுக்கு வந்து என் கையில் கொடுத்தார். நான் அதை அவளிடம் கொடுக்கவில்லை. அவளுக்கு விருப்பமில்லை என்று நான் குத்தூஸிடம் சொன்னது பொய். அவளைக் கேட்கவே இல்லை. நாலு பேர் அவள் குரலைக் கேட்டு என்ன சொல்வார்களோ என்ற பயம். அவ்வளவுதான், வேறு காரணம் இல்லை.

இருபத்தேழு வருடம், அவள் போகும் வரை, அவள் கவிதை இந்த வீட்டை விட்டு வெளியே போகாமல் பார்த்துக்கொண்டேன். இப்போது உலகத்துக்கே காட்டுகிறேன் என்று உட்கார்ந்து இரண்டு மாதம் வேலை செய்து, மறுபடியும் இந்த வீட்டில் மட்டும் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 5, சனி

பூங்கோதைக்குப் போன் செய்தேன். என் மேல்தான் தப்பு, அந்தக் கோப்பைத் திரும்பப் போட முடியுமா என்று கேட்டேன்.

"எங்கிட்டயே இருக்கு சார். நீங்க என்னைக்காச்சும் கூப்பிடுவீங்கன்னு அழிக்கல."

கடிதத்தில் 'நீக்கப்பட்டது' என்றுதான் எழுதியிருந்தேன், 'அழிக்கப்பட்டது' என்று எழுதவில்லை. அவள் கடிதத்தை மீறவில்லை.

"திங்கக்கெழம போட்டுடறேன் சார். போட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அதுக்கு முன்னாடி எதையாச்சும் எடுக்கணுமா, மாத்தணுமா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

பதினேழை எடுத்துவிட்டால் நாற்பது. நாற்பது நல்ல எண். கட்டத்தை மட்டுமே பார்த்தவர்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். நோட்டு என் பீரோவில் இருக்கிறது, சாவி என்னிடம்.

மத்தியானம் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 7, திங்கள்

நாற்பத்தொன்றும் போகட்டும் என்று பூங்கோதையிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, மனம் மாறும் முன் போனை அணைத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 19, சனி

குத்தூஸ் வீட்டுக்குப் போய் அந்தக் கடிதத்தைக் கொடுத்தேன். தன் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத நீ அவங்ககிட்ட காட்டவே இல்லையா?"

"இல்ல."

"இத்தன வருஷமா அவங்கதான் வேணாம்னாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன் முனவ்வர். அதுக்கப்புறம் ஒரு வருஷமும் கேக்கல."

 அவர் கோபமாக இருந்தார். போகும்போது ஸலாம் சொன்னதற்குப் பதில் மட்டும் வந்தது. நாளை அறிவிப்பு உண்டா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் தெருவில் இறங்கிய பிறகு அவரே வாசலுக்கு வந்து, "உண்டு. ஒனக்காக இல்ல" என்றார்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

விடிகாலை ஃபஜ்ர் தொழுகைக்குப் போய்விட்டு அப்படியே அவள் அடங்கியிருக்கும் கப்ருஸ்தானுக்கும் போய் வந்தேன். எட்டரை மணிக்கு ராஹிலா அழைத்தாள்.

"அப்பா, தெரியுது. எல்லாம் தெரியுது. அம்மீ எழுதுன மாதிரியே சாஞ்சு சாஞ்சு வருது." அழுதுகொண்டே சிரித்தாள். ஒரு மணி நேரம் படித்துக் காட்டினாள். நான் தட்டச்சு செய்தவைதான். காதால் கேட்பது இதுதான் முதல் தடவை. மஹ்ஜபீனை ஒருநாள்கூட நான் படிக்கச் சொன்னதில்லை.

பதினேழாவது வந்தது. ஐந்தாவது ஷேரில் நிறுத்தினாள். திரும்பவும் படித்தாள். தமிழில் இப்படி வரும்:

என் பெயருக்கு வந்த அழைப்பை வாசலிலேயே மடித்துக்கொண்டவரே,
பையில் அது இருப்பது தெரிந்துதான் உங்கள் சட்டையைத் துவைத்தேன்.

"அப்பா, இது என்ன அழைப்பு?"

சொன்னேன். 1994 நவம்பர் என்று தொடங்கி ஒன்று விடாமல் சொன்னேன். ஃபைலுக்குப் போகும் முன் மூன்று நாள் அந்தக் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. அவள் பையைத் துழாவாமல் ஒரு துணியையும் நனைக்க மாட்டாள். எடுத்துப் படித்திருக்கிறாள், நனையாமல் வைத்திருக்கிறாள், துவைத்த சட்டையில் திரும்பப் போட்டிருக்கிறாள். நான் கொடுப்பேனா என்று மூன்று நாள் பார்த்திருக்கிறாள். பிறகு இருபத்தேழு வருடம் பார்த்திருக்கிறாள்.

சொல்லி முடித்துவிட்டுப் போனை வைக்கப் போனேன். "வச்சிடாதீங்க" என்றாள் ராஹிலா. மிச்சத்தைப் படித்தாள். நாற்பத்தொன்று வரை படித்தாள்.

ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டிருக்கிறேன். கறி கொடுத்தவரை, தொட்டி கழுவியவனை, மேசை துடைத்த அக்காவை, பெற்ற மகளை. மஹ்ஜபீனுக்குத் தெரிந்திருக்கும் என்று மட்டும், அந்த ஷேரைத் தட்டச்சு செய்த நாள் வரை, எனக்குச் சந்தேகம் வரவில்லை.